அரிய ஆங்கிலச் சொல்லை வசனத்தில் வைப்பது எப்படி

ஆங்கிலத்தில் புதிதாக ஒரு சொல் படித்தால் அதை எங்கேயாவது எழுதிப் பார்க்க வேண்டும் போல இருக்கும். நல்ல ஆசை அது. ஓ/எல் முடித்த பிள்ளைகளிடமும், வெளிநாடு போவதற்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கிற அண்ணாமார் அக்காமாரிடமும் இங்கே யாழ்ப்பாணத்தில் இந்த ஆசையை அடிக்கடி பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் தமிழில் கருத்து, அதை அப்படியே கொப்பியில் எழுதிப் பாடமாக்கி வைப்பார்கள். அடுத்த கிழமை கட்டுரை எழுதும்போது அந்தச் சொல் எப்படியோ உள்ளே வந்துவிடும். எழுத்துக்கூட்டல் சரி, கருத்தும் ஏறத்தாழச் சரி, ஆனால் வாசிக்கும்போது அந்த இடத்தில் கால் தடக்கும். ஏன் தடக்குகிறது, தடக்காமல் எழுத என்ன செய்யலாம் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இதை விளங்கிக்கொள்ள முதலில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுச் சின்ன வகுப்பில் படித்த தமிழ் மரபுச் சொற்களை நினைத்துப் பாருங்கள். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். ஆட்டுக்கு குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு. பனைக்கு ஓலை, வாழைக்கு இலை. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு இயலே இதற்காக இருக்கிறது, அதன் தொடக்கத்தில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்கள் மட்டும் ஒன்பது சொல்லப்பட்டிருக்கின்றன, எந்த உயிருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதும் பின்னால் வருகிறது. இப்போது அகராதியை மட்டும் வைத்துத் தமிழ் படித்த ஒருவர் 'பனை இலையால் வேலி செய்தார்கள்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு விளங்கும். இலக்கணப் பிழை என்று சிவப்புக் கோடு போடவும் முடியாது. ஆனால் எங்கள் ஊரில் ஓலையால் வேலி அடைப்பார்கள், யாரும் இலையால் வேலி செய்வதில்லை. இலைக்கு அகராதி சொன்ன கருத்துச் சரிதான், பனையோடு அது சேராது என்பதைத்தான் அகராதி சொல்லவில்லை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மழைக்கு 'ஹெவி' வரும், காற்றுக்கு 'ஸ்ட்ராங்' வரும், மாற்றிப் போட்டால் காதில் இடிக்கும். நாங்கள் சாயம் கூடின தேத்தண்ணி என்கிறதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் டீ' என்பார்கள், 'ஹெவி டீ' என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இப்படிச் சொற்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து வருவதைத்தான் மொழியியலில் கொலொகேஷன் என்கிறார்கள், தமிழில் சொற்சேர்க்கை. ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதை வைத்து அறியலாம் என்று ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் 1957 இல் எழுதினார், இன்றைக்கும் சொற்சேர்க்கை பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வரியில்தான் தொடங்குவார்கள்.

சாதாரணச் சொல்லுக்குக் கூட்டாளிகள் நிறைய. 'குட்' என்ற சொல்லை எதற்கு முன்னால் போட்டாலும் அனேகமாகத் தப்பிவிடலாம். சொல் அரிதாக அரிதாகக் கூட்டாளிகள் குறைந்துகொண்டே போவார்கள், அதனால்தான் பாடமாக்கிய அரிய சொல் கட்டுரையில் அவ்வளவு எளிதாகப் பிழைக்கிறது. 'இன்வெட்டரேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. நீண்ட காலப் பழக்கத்தால் ஊறிப்போன என்று கருத்து. பழையது என்று பொருள்படும் 'வெட்டுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 'வெட்டரன்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். சரி, கருத்துத் தெரிந்துவிட்டது என்று 'ஹெர் இன்வெட்டரேட் கைண்ட்னெஸ்' என்று எழுதினால் வாசிக்கிறவர் நின்று யோசிப்பார். ஏனென்றால் இந்தச் சொல் பெரும்பாலும் ஆட்களைக் குறிக்கும் பெயர்களோடும் விட முடியாத பழக்கங்களோடும்தான் வரும்: 'இன்வெட்டரேட் லையர்', 'இன்வெட்டரேட் ஸ்மோக்கர்', 'இன்வெட்டரேட் கேம்ப்ளர்'. புத்தகம் வாசிக்கிறவரையும் ஊர் சுற்றுகிறவரையும் இப்படிச் சொல்வதுண்டு, அப்போதும் 'இந்த ஆளைத் திருத்த முடியாது' என்ற தொனி கொஞ்சம் ஒட்டியிருக்கும். அத்தோடு இது பெயருக்கு முன்னால் நிற்கிற சொல். 'ஹீ இஸ் அன் இன்வெட்டரேட் லையர்' என்று எழுதலாம், 'ஹீ இஸ் வெரி இன்வெட்டரேட்' என்று எழுத முடியாது.

இனி ஒரு வசனத்தை எடுத்துக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கைத்தொலைபேசி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் இந்த மாதிரி ஒரு வசனம் வரும்: 'நவடேய்ஸ், ப்ளெதோரா பீப்பிள் ஆர் யூசிங் வெரி யுபிக்விட்டஸ் மொபைல் ஃபோன்ஸ் எவ்ரிவேர்.' அரிய சொல் இரண்டு இருக்கின்றன, இரண்டும் இடம் மாறி நிற்கின்றன. முதலில் ப்ளெதோரா. இது பெயர்ச்சொல், தனியாக வராது, 'அ ப்ளெதோரா ஆஃப்' என்று முன்னும் பின்னும் ஆள் பிடித்துக்கொண்டுதான் வரும். பழைய மருத்துவத்தில் உடம்பில் இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போவதைக் குறித்த சொல் இது, அந்த 'அளவுக்கு மிஞ்சின' என்ற மணம் இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆகவே வெறுமனே 'நிறையப் பேர்' என்பதற்கு இது வேண்டியதில்லை. எதைத் தெரிவது என்று தலை சுற்றுகிற அளவுக்கு இருக்கும்போது போட்டால் பொருந்தும்: 'அ ப்ளெதோரா ஆஃப் ஆப்ஸ்', 'அ ப்ளெதோரா ஆஃப் சாய்சஸ்'. அடுத்தது யுபிக்விட்டஸ். எங்கும் இருக்கிற என்று கருத்து. எங்கும் என்று சொன்ன பிறகு 'மிகவும் எங்கும்' என்று ஒன்று இல்லையே, அதனால் 'வெரி' வேண்டாம். கருத்திலேயே எங்கும் என்று இருப்பதால் கடைசியில் 'எவ்ரிவேர்' போட்டதும் மிகை. இந்தச் சொல் அழகாக இருக்கிற இடம் 'த' என்ற சுட்டுக்கும் பொருளின் பெயருக்கும் நடுவில். 'த யுபிக்விட்டஸ் மொபைல் ஃபோன் ஹாஸ் சேஞ்ஜ்ட் த வே வீ டாக்.' அவ்வளவுதான், வசனம் தெளிந்துவிட்டது, சொல்லும் தன் இடத்தில் நிற்கிறது. 'த யுபிக்விட்டஸ் த்ரீவீலர்' என்று யாழ்ப்பாணத் தெருக்களைப் பற்றி எழுதிப் பாருங்கள், அதே அமைப்பில் சரியாக வரும்.

கவனியுங்கள், இங்கே ப்ளெதோராவை எடுத்தே விட்டேன். இரண்டு அரிய சொல்லை ஒரே வசனத்தில் நிறுத்தினால் ஒன்றை ஒன்று மறைக்கும். ஒரு பந்திக்கு ஒன்று போதும், பல பந்திகளுக்கு ஒன்றுமே தேவைப்படாது. ஐஈஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு இது புள்ளி சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. எழுத்துச் சோதனையில் பார்க்கப்படும் நாலு அம்சங்களில் ஒன்று சொல்வளம். அதில் பாண்ட் என்கிற புள்ளித் தரத்தில் 6 பாண்டுக்கும் 7 பாண்டுக்கும் என்ன வேறுபாடு என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 7 பாண்டுக்கு அரிதான சொல்லை எடுத்தாளும் திறமையோடு நடை பற்றியும் சொற்சேர்க்கை பற்றியும் உணர்வு இருப்பது தெரிய வேண்டும். சொல்லை எண்ணிப் புள்ளி போடுவதில்லை. ரியூசனில் 'கட்டுரைக்குப் பத்து ஹை வேர்ட்ஸ் போடு' என்று சொல்லிக்கொடுப்பதை நான் அடியோடு எதிர்ப்பது இதனால்தான், பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படித்த சொல்லே அவர்களுடைய புள்ளியைக் குறைக்கும்படி ஆகிவிடுகிறது.

தமிழ்க் கருத்தை மட்டும் நம்பினால் வருகிற சிக்கலுக்கு, காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும்புகிற வாசத்தைக் குறிக்கும் 'பெட்ரிகோர்' நல்ல உதாரணம், எனக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான். 1964 இல் இசபெல் ஜாய் பெயர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லை உண்டாக்கினார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் கல், 'ஐகோர்' என்றால் தெய்வங்களின் நரம்புகளில் ஓடுகிற நீர். வறண்ட காலத்தில் செடிகளிலிருந்து வரும் எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் ஊறிக் கிடக்கும், மழை விழுந்ததும் அது காற்றில் கிளம்பும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் இந்த வாசத்தோடு சேர்ந்தே வரும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் ஐப்பசியில் முதல் மழை விழுகிறபோது வருமே, அதேதான்.

வாட்ஸ்அப்பில் வரும் அந்தப் படங்களில் இதற்கு எதிரே 'மண்வாசனை' என்று போட்டிருப்பார்கள். பாதிதான் சரி. தமிழில் மண்வாசனை உள்ள கதை என்றால் ஊர் வழக்கும் ஊர் மனிதர்களும் நிறைந்த கதை என்று கருத்து, அந்தக் கருத்துக்கு பெட்ரிகோரைப் போடவே முடியாது, 'அ நாவல் வித் பெட்ரிகோர்' என்றால் வாசிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. இன்னொன்று, கார்த்திகையில் மூன்று நாளாக விடாமல் பெய்து முற்றம் எல்லாம் வெள்ளம் நிற்கிறபோது வருகிற ஈர மணத்துக்கும் இது பெயர் இல்லை. நிலம் காய்ந்திருக்க வேண்டும், அதன் மேல் மழை விழ வேண்டும். எழுதும்போது எண்ண முடியாத பெயர்ச்சொல் என்று நினைவில் வைத்திருங்கள், 'அ பெட்ரிகோர்' என்றும் 'பெட்ரிகோர்ஸ்' என்றும் வராது. 'பெட்ரிகோர் ரோஸ் ஃப்ரம் த ரெட் ஸோயில்' என்று எழும்புகிறதைச் சொல்லலாம், 'லிங்கர்ட்' என்று தங்கி நிற்கிறதைச் சொல்லலாம். கதைக்கும் கட்டுரைக்கும் நல்லது. பயிர்ச் சேதம் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு எழுதுகிற கடிதத்தில் இதற்கு வேலை இல்லை.

செரண்டிபிட்டி எங்கள் தீவின் பெயரிலிருந்தே போன சொல். செரண்டிப் என்பது பாரசீகர்கள் இலங்கைக்கு வைத்திருந்த பழைய பெயர். செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் பற்றிய பழைய கதையை நினைத்து, ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதை உண்டாக்கினார். அந்த இளவரசர்கள் தாங்கள் தேடாத விஷயங்களைத் தற்செயலாலும் கூர்மையான கவனத்தாலும் கண்டுபிடித்துக்கொண்டே போவார்கள் என்று அவர் விளக்கம் சொல்கிறார். தற்செயல், கவனம், இரண்டும் வேண்டும். அதனால் லொத்தரில் காசு விழுந்ததை செரண்டிபிட்டி என்று எழுதக்கூடாது, அது வெறும் 'லக்'. 1928 இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் விடுமுறை முடிந்து வந்து பார்க்கிறபோது ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது, அதைச் சுற்றி இருந்த கிருமிகள் செத்திருந்தன. கழுவி வைத்திருந்தால் பெனிசிலின் இல்லை. நின்று பார்த்தார் பாருங்கள், அதற்குத்தான் இந்தச் சொல். நீங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கையில் உங்கள் ஊர்க் கோயில் தேர் பற்றிய செய்தி கண்ணில் பட்டால், 'பை ஷியர் செரண்டிபிட்டி' என்று வசனத்தைத் தொடங்கலாம். 'ஷியர்', 'ப்யூர்' இரண்டும் இதற்கு நெருங்கிய கூட்டாளிகள். பெயரடையாக வேண்டுமென்றால் செரண்டிபிட்டஸ்: 'அ செரண்டிபிட்டஸ் டிஸ்கவரி'.

இன்னும் ஒரு வகைச் சொல் இருக்கிறது, ஓசையைக் கேட்டால் ஒரு கருத்துத் தோன்றும், உண்மைக் கருத்து அதற்கு நேர்மாறாக இருக்கும். 'எனர்வேட்' என்றதும் எனர்ஜி நினைவுக்கு வருகிறது. ஆனால் நரம்பைப் பிடுங்கி எடுத்தது போலச் சோரப் பண்ணுவது என்று கருத்து. தேத்தண்ணி குடித்துத் தெம்பு வந்தது என்பதற்கு இதைப் போட்டால் எல்லாம் தலைகீழ். சித்திரை வெயில் எறிக்கிறபோது பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு வேலையும் செய்ய முடியாமல் உடம்பு சோர்ந்து கிடக்குமே, அதை 'தி எனர்வேட்டிங் ஹீட் ஆஃப் ஏப்ரல்' என்று எழுதலாம். வெப்பமும் காலநிலையும்தான் இந்தச் சொல்லின் வழக்கமான கூட்டாளிகள். 'பிமியூஸ்ட்' என்பதும் அப்படித்தான், 'அமியூஸ்ட்' போல ஒலிக்கும், ஆனால் சிரிப்பை விடக் குழப்பமே அதில் கூட.

தொனி பிழைத்தால் அதைவிடக் கவலைக்குரிய விளைவு வரும், ஏனென்றால் மற்றவர் மனம் நோகும். 'நொட்டோரியஸ்' என்றால் கெட்ட விஷயத்துக்குப் பேர்போனவர், புகழ் பெற்றவர் என்று நினைத்து ஒரு அதிபரின் பிரியாவிடை மலரில் எழுதினால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'இக்ரீஜஸ்' என்ற சொல் மந்தையிலிருந்து விலகி நிற்கிறது என்ற லத்தீன் கருத்தில் பிறந்தது, பழைய ஆங்கிலப் புத்தகங்களில் தலைசிறந்த என்ற கருத்திலும் வரும். இன்றைக்கு அந்தக் கருத்து இல்லை. 'அன் இக்ரீஜஸ் எரர்' என்றால் கண்ணை உறுத்துகிற மோசமான பிழை. 'ஃபுல்சம் ப்ரெய்ஸ்' என்பதும் மனம் நிறைந்த பாராட்டுப் போலத் தோன்றும், ஆனால் பலருக்கு அது முகத்துதி என்றுதான் கேட்கும். ஆகவே நன்றிக் கடிதத்தில் அதை விட்டுவிடுங்கள், 'வார்ம்' என்ற சின்னச் சொல் அங்கே எவ்வளவோ நல்லது.

எங்களிடமிருந்து போன சொல்லென்றாலும் அங்கே போன பிறகு அது அவர்களுடைய வழக்குக்குத்தான் கட்டுப்படும். கட்டுமரம்தான் கட்டமரான் ஆனது. ஆனால் இன்றைக்கு 'ஹீ வென்ட் ஃபிஷிங் இன் அ கட்டமரான்' என்று எழுதினால் வாசிக்கிற ஆங்கிலேயர் மனதில் வருவது இரட்டை உடல் கொண்ட படகு. மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று நீங்கள் ஒரு வரி சேர்த்தாக வேண்டும். சுருட்டு செரூட் ஆகிப் பழைய ஆங்கிலக் கதைகளில் புகைந்துகொண்டிருக்கிறது, மிளகுத்தண்ணீர் மல்லிகடானி என்ற சூப்பாகிவிட்டது, அதை எங்கள் ரசம் என்று எண்ணிக் கேட்டால் வேறு ஏதோ வரும்.

உச்சரிப்பை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், வாசித்து மட்டும் பழகிய சொல்லை வாயால் சொல்லும் முன் ஒருமுறை கேளுங்கள். 'இபிட்டமி' என்பதைப் பலர் எபிடோம் என்கிறார்கள், 'ஹைப்பர்பலி' என்பதை ஹைப்பர்போல் என்கிறார்கள். கைத்தொலைபேசியில் அகராதியைத் திறந்து ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தினால் முடிந்தது.

சரி, கூட்டாளிகளை எங்கே தேடுவது? இருமொழி அகராதி கருத்துக்கு உதவும். அகராதி வேலையில் யாழ்ப்பாணம் பின்நின்ற ஊரில்லை, 1842 இல் வந்த மானிப்பாய் அகராதியும், இங்கே தொடங்கிய வேலை வளர்ந்து 1862 இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியும் இன்றைக்கும் பார்க்கப்படுகின்றன. ஆனால் எழுதிப் பழகுகிறவருக்கு வேண்டியது மாணவர் அகராதி, ஆங்கிலத்தில் லேர்னர்ஸ் டிக்ஷனரி. ஏ. எஸ். ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலம் தாய்மொழி இல்லாத மாணவர்களுக்கு என்ன தேவை என்று நேரில் பார்த்துச் செய்தது அது, 1942 இல் டோக்கியோவில் வெளிவந்தது, பிறகு ஒக்ஸ்ஃபோர்ட் அதை எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்த அகராதிகள் இப்போது இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கருத்தைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். கீழே சாய்ந்த எழுத்தில் இருக்கிற உதாரண வசனங்களை எல்லாம் வாசியுங்கள், சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது, 'ஃபோர்மல்' என்றோ 'லிட்டரரி' என்றோ பக்கத்தில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது போதாவிட்டால் ஆங்கிலச் செய்தித் தளம் ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடி, நாலைந்து வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். சொல்லைத் தனியாக எழுத வேண்டாம், கூட்டாளியோடு சேர்த்து ஒரு துண்டாக எழுதுங்கள்: 'பை ஷியர் செரண்டிபிட்டி', 'அன் இன்வெட்டரேட் லையர்', 'எனர்வேட்டிங் ஹீட்'. பாடமாக்குவதும் அந்தத் துண்டைத்தான்.

பிறகு உங்கள் வீடு, உங்கள் தெரு, உங்கள் கிணற்றடி பற்றி அந்தத் துண்டை வைத்து ஒரு வசனம் எழுதுங்கள். எழுதினதை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம், சொல்லைச் சுட்டிக்காட்டாமல், வாசிக்கக் கொடுங்கள். மாமா, ரீச்சர், லண்டனில் இருக்கிற மச்சாள், யாராக இருந்தாலும் சரி. நிற்காமல் வாசித்துக்கொண்டு போனால் சொல் பொருந்தியிருக்கிறது. அந்தச் சொல்லில் நின்றால் சாதாரணச் சொல்லைப் போட்டுவிட்டு, அரிய சொல்லை வேறொரு வசனத்துக்கு வைத்திருங்கள்.